விற்ற பிறகும் கம்பனியின் மிசினா?

ரீகண்டிஷன் கார் நிற்கிற வீடுகளில் அந்த ஜப்பான் பெண்ணின் குரல் தெரியாத ஆக்கள் இருக்கமாட்டினம். திறப்பைத் திருப்பினால் போதும், ஏதோ கார்ட் போடவில்லை என்று மிக மரியாதையாக ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். அது அங்கத்தைய நெடுஞ்சாலைக் கட்டணக் கார்ட். எங்கட ஏ9 வீதியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ரேடியோவும் அப்படித்தான். பழைய ஜப்பான் ரேடியோக்களில் எஃப்.எம். 76இல் தொடங்கி 90உடன் முடிந்துவிடும். எங்கட வானொலிகளைக் கேட்க உள்ளே ஒரு குட்டிப் பெட்டி பூட்டவேண்டும். இதையெல்லாம் நாங்கள் குறையாகவே எடுப்பதில்லை. ஜப்பான் சாமான் என்றால் இதுவும் சேர்ந்துதான் வரும் என்று ஓடிக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் இதே மாதிரியான வித்தியாசங்கள் சேர்ந்து ஒரு வழக்காகி, ஓர் இறக்குமதி வியாபாரத்தையே நிறுத்திவிட்டன. அங்கே பிரச்சினைப்பட்டது கார் இல்லை, உழவு இயந்திரம். கம்பனி குபோட்டா. அந்த மிசின்கள் போலி என்று வழக்கில் ஒருவருமே சொல்லவில்லை. செய்தது குபோட்டா. முதலில் விற்றது குபோட்டா. பெயரை ஒட்டியதும் குபோட்டாவேதான். ஆனாலும் அதே பெயருடன் அவை அமெரிக்காவுக்குள் வந்தது குபோட்டாவின் வியாபாரக் குறியை மீறிய செயல் என்று முடிவாகியது.

இதைப் பற்றி நாங்கள் இரண்டு கிழமையாகச் சண்டை பிடித்தோம். நாங்கள் சட்டபீடத்து ஆக்கள் இல்லை. கலைப்பீடத்தில் வரலாறும் புவியியலும் தமிழும் படிக்கிற கூட்டம். ஆனால் எங்களில் பாதிப் பேரின் வீட்டில் வயல் இருக்கிறது. காலபோகம் தொடங்க முதல் மிசின்காரரைப் பிடிக்கிறதுக்கு அப்பாமார் படுகிற பாடு தெரியும். அந்தப் பக்கத்திலிருந்துதான் இந்தத் தீர்ப்பை வாசித்தோம். வாசித்தபின் நாங்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான்: பாவித்த மிசின் ஒன்றில் ஆபத்து இருந்தால் அதைச் சட்டம் தடுக்கவேண்டும், ஆனால் அந்தத் தடையின் சாவியைப் பெயரின் சொந்தக்காரரிடம் கொடுக்கக்கூடாது.

முதலில் அந்த மிசின்கள் எப்படி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன என்று பார்ப்போம். ஜப்பானின் நெற்செய்கைக் குடும்பம் ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஹெக்டேர் நிலம்தான். பலர் கிழமை நாட்களில் வேறு வேலைக்குப் போய், சனி ஞாயிறில் வயல் செய்தவர்கள். அந்த நிலத்துக்கென்றே செய்யப்பட்டவை அந்தக் குட்டி நாலு சில்லு மிசின்கள். ஒடுக்கமான உடம்பு, சேற்றில் தாழாத பாரம், பின்னால் ரொட்டவேட்டர். வருஷத்தில் சில கிழமைகள்தான் ஓட்டம். மிச்ச நாளெல்லாம் கொட்டிலுக்குள் உறக்கம். பதினைந்து இருபது வருஷம் போனாலும் எஞ்சினில் இன்னும் கனகாலத்து ஓட்டம் மிச்சம் இருக்கும். இதற்குள் கமக்காரர்களுக்கு வயது போனது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். போதாததற்கு அரிசி மிஞ்சிவிட்டது என்று 1970ஆம் ஆண்டளவில் இருந்து அரசாங்கமே நெல் விதைக்கிற பரப்பைக் குறைக்கச் சொன்னது. மிசின்கள் கொட்டிலை விட்டு வெளியே வந்து, கொள்கலனில் ஏறிக் கப்பலுக்குப் போயின. வியட்நாமுக்குப் போனது போலவே அமெரிக்காவுக்கும் போயின.

அமெரிக்க விவசாயம் என்றால் எங்களுக்குக் கண்ணில் வருவது வானம் தொடுகிற அளவு சோளக்காணியும் வீடு மாதிரி ஒரு ட்ரக்டரும்தான். ஆனால் அங்கேயும் பத்துப் பதினைந்து ஏக்கர் வைத்திருக்கிற ஆக்கள் இருக்கினம். நாலு குதிரை, ஒரு மரக்கறித் தோட்டம், கொஞ்சம் புல். அந்தக் காணிக்குப் பெரிய மிசின் தேவையில்லை. புதுக் குட்டி மிசினுக்கோ விலை கூட. அதே கம்பனியின் பாவித்த ஜப்பான் மிசின், பெயின்ட் அடித்து, டயர் மாற்றி, பக்கத்து ஊரில் மலிவாக நிற்கிறது என்றால் யார்தான் திரும்பிப் பார்க்காமல் போவார்கள்? எங்கட சனம் விட்ஸ் வாங்கின அதே கணக்குத்தான் இது.

இப்படி வருகிற சாமானுக்கு ‘சாம்பல் சந்தை’ என்று பெயர். கறுப்புச் சந்தை என்றால் களவு, கடத்தல். இது அப்படியில்லை. சாமான் அசல், சுங்கத்துக்கு மறைப்பும் இல்லை. கம்பனி நியமித்த ஏஜென்டைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையால் வருகிறது, அவ்வளவுதான். இந்தப் பெயரே ஒரு பக்கச்சார்பு என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். சாம்பல் என்ற உடனேயே கறுப்புக்குக் கிட்ட என்று மனம் நினைத்துவிடும். ‘சமாந்தர இறக்குமதி’ என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. அது நேர்மையான பெயர், ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவரும் பாவிப்பதில்லை.

குபோட்டாவும் அதன் அமெரிக்கக் கம்பனியும் போனது சாதாரண நீதிமன்றத்துக்கு இல்லை. சர்வதேச வர்த்தக ஆணைக்குழு என்று வாஷிங்டனில் ஒன்று இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டத்தில் 337ஆம் பிரிவு அதற்கு ஒரு பெரிய அதிகாரத்தைக் கொடுக்கிறது. நியாயமற்ற முறையில் வருகிற சாமானை எல்லையிலேயே மறிக்கலாம். கவனியுங்கள், இந்த இறக்குமதியாளர், அந்த இறக்குமதியாளர் என்று இல்லாமல், யார் கொண்டுவந்தாலும் அந்தச் சாமானையே மறிக்கிற பொதுத் தடையும் போடலாம். வழக்கு 50 குதிரைவலுவுக்குக் குறைந்த உழவு இயந்திரங்களைப் பற்றியது. 1997இல் ஆணைக்குழு குபோட்டா பக்கம் நின்று பொதுத் தடை போட்டது. கமட் ட்ரேடிங் என்ற இறக்குமதிக் கம்பனியும் இன்னும் சிலரும் மேன்முறையீடு செய்தார்கள். 1999 டிசம்பரில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றமும் தடை சரிதான் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் போலின் நியூமன்.

அசல் சாமான் எப்படிக் குறியை மீறும்? இதற்கு அமெரிக்கச் சட்டத்தில் உள்ள பதில் ‘கணிசமான வேறுபாடு’ என்ற கொள்கை. ஒரே பெயரில் கம்பனி இரண்டு நாட்டுக்கு இரண்டு விதமாகச் சாமான் செய்கிறது. அங்கத்தையதை இங்கே கொண்டுவந்து விற்றால், பெயரைப் பார்த்து வாங்குகிறவர் தான் எதிர்பார்த்ததைப் பெறமாட்டார். அவருக்கு ஏமாற்றம், கம்பனியின் பெயருக்குக் கெடுதி. இதற்கு எங்கட வீட்டுச் சாமான் ஒன்றே உதாரணமாக இருக்கிறது: சன்லைட். அமெரிக்காவில் அது பாத்திரம் கழுவுகிற திரவத்தின் பெயர். பிரித்தானியாவில் விற்ற சன்லைட் அங்கத்தைய கடினமான தண்ணீருக்கேற்பச் செய்யப்பட்டது. அமெரிக்கத் தண்ணீருக்கு அது சரிவராது. பிரித்தானிய சன்லைட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது லீவர் பிரதர்ஸ் வழக்காடி 1993இல் வென்றது. இதில் எங்களுக்குப் பெரிய மறுப்பு இல்லை. போத்தலைப் பார்க்கிறவருக்கு உள்ளே இருக்கிற வித்தியாசம் தெரியாது. நுரை வராதபோதுதான் தெரியும். அதற்குள் காசு போய்விட்டது.

உழவு இயந்திரத்தில் காட்டப்பட்ட வேறுபாடுகள் வேறு மாதிரியானவை. எச்சரிக்கை ஸ்டிக்கர்களும் கட்டுப்பாட்டுக் குறிப்புகளும் ஜப்பானிய மொழியில் இருந்தன. சில மொடல்களில் உடம்பின் பலம், ஆகக்கூடிய வேகம், சில்லுகளுக்கு இடையிலான தூரம், பின்னால் கருவிகளைச் சுழற்றுகிற தண்டின் வேகம் எல்லாம் அமெரிக்க மொடலிலிருந்து மாறுபட்டன. மூன்றாவது, அமெரிக்காவில் உள்ள குபோட்டா முகவர்களிடம் இந்த மொடல்களுக்கு உதிரிப்பாகமும் இல்லை, திருத்துகிற பயிற்சியும் இல்லை, கைநூலும் இல்லை.

இறக்குமதியாளர்களின் வாதம் சாதாரண மனிதரின் வாதம். ‘இது பழைய மிசின் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். ஜப்பானிய எழுத்து முகத்துக்கு நேரே இருக்கிறது. இதில் யார் ஏமாறுகிறார்?’ நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பாவித்த சாமான் என்பதற்காகக் குறியின் பாதுகாப்பு இல்லாமல் போகாது. குபோட்டா என்ற பெயரைக் கண்டால் அதனுடன் சேவையும் உதிரிப்பாகமும் வரும் என்று வாங்குகிறவர் எதிர்பார்ப்பார். ஜப்பானிய எழுத்தே அவருக்கு அதையெல்லாம் சொல்லிவிடாது. ஆங்கில ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் மட்டும் விஷயம் சரியாகிவிடாது.

இதில் நீதிமன்றத்தின் பக்கம் இருக்கிற நியாயத்தை நாங்கள் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. பின்னால் சுழல்கிற அந்தத் தண்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது விளையாட்டில்லை என்று தெரியும். அமெரிக்கக் கருவிகள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 540 சுற்றுக்கென்று செய்யப்பட்டவை. 540 என்றால் ஒரு செக்கனுக்கு ஒன்பது சுற்று. சாரத்தின் நுனி மாட்டினால், கையை இழுக்க வேண்டும் என்று மூளை நினைக்க முதலே எல்லாம் முடிந்துவிடும். ஜப்பான் மிசின்கள் பலதில் அந்தத் தண்டுக்குத் தனியாகச் சில கியர்கள் உண்டு. ரொட்டவேட்டருக்காக 540ஐத் தாண்டிப் போகிற கியர்களும் அதில் இருக்கும். எந்தக் கியரில் எந்த வேகம் என்பது ஜப்பானிய எழுத்தில். அதை வாசிக்கத் தெரியாதவர் புல்வெட்டியைப் பூட்டிக்கொண்டு கூடின வேகத்தில் போட்டால் அலகு பறக்கும். மிசின் பிரண்டால் ஓட்டுபவரைக் காக்கிற இரும்புச் சட்டமும் பழைய ஜப்பான் மொடல்கள் பலதில் இல்லை.

வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை எங்களுக்குப் புது அனுபவம் இல்லை. கிருமிநாசினிப் போத்தலில் தமிழைத் தேடிக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற கமக்காரரை எங்களில் எல்லோருக்கும் தெரியும். எனவே ‘ஸ்டிக்கர் தானே’ என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

எங்கட பிரச்சினை வேற. ஆபத்துத்தான் காரணம் என்றால் தடை ஏன் ஒரு பெயருக்கு மட்டும்?

யன்மாரும் ஜப்பான் கம்பனிதான். அதன் பாவித்த மிசின்களும் அதே துறைமுகங்களால், அதே ஜப்பானிய ஸ்டிக்கர்களுடன் அமெரிக்காவுக்குப் போயின. குபோட்டாவுக்குத் தடை வந்த பிறகும் சாம்பல் சந்தை யன்மார்கள் வருஷக்கணக்காக அங்கே விற்பனையாகின. தண்டு அதே மாதிரித்தான் சுற்றும், கையும் அதே மாதிரித்தான் போகும். வித்தியாசம் ஒன்றே ஒன்று: குபோட்டா முறையிட்டது. வியாபாரக் குறி என்பது தனியார் உரிமை. சொந்தக்காரர் கேட்டால் சட்டம் அசையும், கேட்காவிட்டால் அசையாது. பாதுகாப்பு அப்படி இருக்கேலாது. ஒரு கம்பனிக்குப் புது மிசின் விற்பனை குறைகிற கவலை வந்தால்தான் கமக்காரரின் விரல்கள் பாதுகாக்கப்படும் என்றால், அந்த விரல்கள் உண்மையில் பாதுகாக்கப்படவில்லை. அவை வழக்குக்குச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போகப்பட்டன, அவ்வளவுதான்.

யன்மாரின் கதை இன்னொன்றையும் காட்டுகிறது. தடை இல்லாத இடத்தில் சனம் சும்மா இருக்கவில்லை. அந்த மிசின்களுக்கென்றே தனி உதிரிப்பாகக் கடைகள் வந்தன. பழக்கப்பட்ட திருத்துநர்கள் வந்தார்கள். பழைய மிசின்களை ஒழுங்காகத் திருத்தி, பாதுகாப்புச் சட்டம் பூட்டி, ஆங்கிலக் குறிப்பு ஒட்டி விற்கிற ஆக்கள் வந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. மணிக்கணக்கு மீட்டரைத் திருப்பி, ஒழுகுகிற கியர்பெட்டிக்கு மேல் பளபளவென்று பெயின்ட் அடித்து விற்கிற கூட்டமும் எந்த நாட்டிலும் இருக்கும். எங்கட நாட்டில் இருப்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர்களைப் பிடிக்க ஏமாற்றுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. அதற்கு வியாபாரக் குறி தேவையில்லை.

உதிரிப்பாகம் இல்லை என்ற வாதத்தில்தான் எங்களுக்குக் கோபமே வந்தது. ஜப்பான் மொடலுக்கு உதிரிப்பாகம் உலகத்தில் இல்லாமல் இல்லை. குபோட்டாவிடமே இருக்கிறது, ஜப்பானில். அதை அமெரிக்க முகவரின் தட்டில் வைப்பதா இல்லையா என்று தீர்மானிப்பதும் அதே குடும்பத்துக் கம்பனிதான். பிறகு, ‘பாருங்கள், எங்கட முகவரிடம் இதற்குப் பாகம் இல்லை, ஆகவே இது எங்கட பெயருக்கு உரிய சாமான் இல்லை’ என்று வந்து நின்றால்? கதவைத் தானே பூட்டிவிட்டு, கதவு பூட்டியிருக்கிறது என்று முறைப்பாடு கொடுக்கிற மாதிரி. சன்லைட்டில் இருந்த வேறுபாடு போத்தலுக்குள் இருந்தது. இங்கே வேறுபாட்டில் ஒரு பெரிய பங்கு கம்பனியின் களஞ்சியக் கொள்கையில் இருக்கிறது.

எங்களில் ஒருவன் இதற்கு எதிராக நின்றான். விற்காத ஒரு மொடலுக்குப் பாகம் வைக்கச் சொல்லி ஒரு கம்பனியை எப்படிக் கட்டாயப்படுத்துவது, பழைய மொடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்குமே, அதற்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டான். நியாயமான கேள்வி. கட்டாயப்படுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வைக்காமல் விடட்டும். ஆனால் தான் வைக்காமல் விட்டதையே ஆயுதமாக எடுத்து மற்றவர் கொண்டுவருவதையும் மறிக்கக்கூடாது. வேறொருவர் அந்தப் பாகங்களை வைத்து விற்கத் தயாராக இருக்கும்போது, கம்பனியின் வெறும் தட்டு எப்படிச் சட்டமாகும்? இந்த இடத்தில் அவன் பேசாமல் இருந்தான். ஒத்துக்கொண்டான் என்று எழுதினால் கோபிப்பான்.

நீதிமன்றங்களுக்கே இந்தக் கொள்கை எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் தடுமாற்றம் இருந்தது என்பதற்கு ஜோன் டியர் வழக்குச் சாட்சி. இது குட்டி மிசின் இல்லை. மாட்டுத் தீவனத்துக்காகப் பயிரை வெட்டி நறுக்கிக்கொண்டு தானே ஓடுகிற பெரிய அறுவடை இயந்திரம். ஐரோப்பாவுக்கென்று செய்த டியர் மிசின்களைப் பாவித்த நிலையில் வாங்கிச் சிலர் அமெரிக்காவில் விற்றார்கள். விளக்குகளின் ஒழுங்கு வேறு, எச்சரிக்கைக் குறிகள் வேறு, பின்னால் இழுவை கொளுவுகிற அமைப்பு வேறு என்று டியர் அதே ஆணைக்குழுவுக்குப் போனது. அங்கே வென்றது. ஆனால் 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு சுவாரசியமான கேள்வி கேட்டது: உங்கட சொந்த முகவர்களே இந்த ஐரோப்பிய மிசின்களை அமெரிக்காவில் விற்றிருக்கிறார்களாமே? அப்படியென்றால் வாங்குகிறவரைக் குழப்பியது யார்? தன் பெயரில் அனுமதியுடன் விற்கப்படுகிற சாமான் எல்லாவற்றிலும், அல்லது ஏறத்தாழ எல்லாவற்றிலும், அந்த வேறுபாடு இருக்கிறது என்று குறியின் சொந்தக்காரர் காட்டவேண்டும் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2010இல் அது மறுபடியும் அதே நீதிமன்றத்துக்கு வந்து மறுபடியும் திரும்பிப் போனது. பல வருஷம் இழுபட்ட வழக்கு. பத்துப் பதினைந்து ஏக்கர்காரர் ஒருவருக்கு இப்படி வழக்காட எங்கே காசு?

அதே டியர் கம்பனிதான் பிறகு, தன் புது மிசின்களை வாங்கிய விவசாயிகளே திருத்தமுடியாதபடி மென்பொருளால் பூட்டி வைத்திருக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானது. 2023இல் கொலராடோ மாநிலம் விவசாய மிசின்களைத் திருத்தும் உரிமைக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு அந்தக் கம்பனிக்கு எதிராக வழக்கே போட்டது. இது வியாபாரக் குறி வழக்கு இல்லைத்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆசை தெரிகிறது: விற்றுக் காசு வாங்கிய பிறகும் அந்த மிசின் எங்கே போகிறது, யார் திறக்கிறார், யார் கையில் முடிகிறது என்பதெல்லாம் கம்பனியின் கையில் இருக்கவேண்டும்.

எல்லா நாடும் இதை ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. ஒரு சாமான் ஒருமுறை விற்பனையானால் அதன் மேல் உள்ள உரிமை தீர்ந்துபோகிறதா, தீர்ந்தால் உள்நாட்டு விற்பனையுடனா, உலகில் எங்கே விற்றாலுமா என்ற கேள்வியை உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கை, தன் 6ஆம் உறுப்புரையில் நாடுகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், குபோட்டா பிறந்த ஒசாகா நகரத்தின் மாவட்ட நீதிமன்றம்தான் 1970இலேயே ஜப்பானில் இந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஹொங்கொங்கிலிருந்து அசல் பார்க்கர் பேனாக்களை ஒரு வியாபாரி கொண்டுவந்தார். பெயரும் அதே, தரமும் அதே, எனவே குறியை மீறியதாகாது என்றது நீதிமன்றம். பேனாவும் உழவு இயந்திரமும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லைத்தான். பேனா கையை எடுக்காது. ஆனால் பெயரைப் பாதுகாப்பது வேறு, பாதையைப் பாதுகாப்பது வேறு என்ற பிரிப்பு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அமெரிக்காவிலேயே, எங்களைப் போன்ற ஒருவரின் வழக்கும் இருக்கிறது. சுபாப் கேர்ட்செங் தாய்லாந்திலிருந்து போன மாணவர். பாடப்புத்தகங்கள் தாய்லாந்தில் மலிவு, அமெரிக்காவில் தீவிலை. வீட்டாரைக் கொண்டு அங்கே வாங்கி இங்கே இணையத்தில் விற்றார். பதிப்பகம் பதிப்புரிமை வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் ஆறு லட்சம் டொலர் கட்டச் சொன்னார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. சட்டப்படி செய்து விற்ற பிரதி, எங்கே விற்றாலும் விற்றதுதான். நூலகத்தில் ஒற்றைப் பிரதிக்கு வரிசையில் நின்று ஃபொட்டோகொப்பி அடிக்கிற எங்களுக்கு இந்தத் தீர்ப்பு கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. ஆனால் அது பதிப்புரிமை. குறிச் சட்டத்தில் ‘கணிசமான வேறுபாடு’ என்ற கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. புத்தகத்தை இறக்கலாம், மிசினை இறக்கேலாது.

இனி எங்கட பக்கம். வயலில் ரெண்டு சில்லு மிசினை நாங்கள் இன்றைக்கும் லான்மாஸ்டர் என்றுதான் சொல்கிறோம். அது ஒரு பிரித்தானிய மிசினின் பெயர் என்பது எங்களில் பலருக்கு இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரியும். இப்ப ஓடுவது ஜப்பான் எஞ்சினாக இருக்கும், சீன எஞ்சினாக இருக்கும், வாயில் வருவது லான்மாஸ்டர். ஒரு குறி பொதுச்சொல்லாகிப் போன ஊரில் இருந்துகொண்டு குறியின் புனிதத்தைப் பற்றிக் கதைப்பது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

எங்கட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 122ஆம் பிரிவில், பதிவுசெய்த குறியின் சொந்தக்காரர் எதையெல்லாம் தடுக்கேலாது என்று சொல்கிறது. அந்தக் குறியுடன் இலங்கைக்குள் சட்டப்படி இறக்குமதியான, சட்டப்படி விற்கப்பட்ட சாமான் அதில் ஒன்று. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தச் சாமான் மாற்றம் எதற்கும் உட்படாமல் இருக்கவேண்டும். புதுப் பேனாவுக்கு இது சரி. பாவித்த உழவு இயந்திரம் மாறாமல் இருக்குமா? டயர் மாற்றினால் மாற்றமா? ஜப்பானிய ஸ்டிக்கரை உரித்துவிட்டுத் தமிழில் ஒட்டினால்? பாதுகாப்புச் சட்டம் பூட்டினால்? நேராக வாசித்தால், மிசினை ஆபத்தில்லாமல் ஆக்குகிற ஒவ்வொரு வேலையும் இறக்குமதியாளரைச் சட்டத்தின் நிழலிலிருந்து வெளியே தள்ளலாம். ஒன்றும் செய்யாமல் அப்படியே விற்கிறவர்தான் பத்திரமாக இருப்பார். இதைச் சட்டபீடத்து நண்பர்கள் யாராவது எழுதினால் நாங்கள் இங்கேயே போடத் தயார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, பாவித்த சாமானின் பெறுமதி என்ன என்று இந்த நாடு நன்றாகப் படித்தது. கராஜ்கள்தான் நாட்டை ஓட்டின. எங்களுக்குத் தெரிந்த ஒரு கராஜ்கார அண்ணையிடம் கேட்டோம், ஏஜென்டிடம் பாகம் இல்லாத மிசினை எப்படித் திருத்துறீங்கள் என்று. சிரித்தார். ‘தம்பி, ஏஜென்டிட்ட இருக்கிற பாகத்தை வாங்கக் காசு உள்ளவன் என்னட்ட வரமாட்டான்’ என்றார். ஜப்பானிய எழுத்து வாசிப்பீங்களோ என்று கேட்டதற்கு, வாசிக்கத் தெரியாது, படம் மாதிரி முகம் தெரியும் என்றார். எது வேகம், எது நிறுத்தம் என்று எழுத்தின் வடிவத்தைக் கொண்டே சொல்லிவிடுவாராம். கெட்டித்தனம்தான். ஆனால் அந்த மிசினைக் கூலிக்கு ஓட்ட வருகிற பதினெட்டு வயதுப் பெடியனுக்கு அந்த முகங்கள் தெரியாது.

எனவே நாங்கள் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பாவித்த மிசின் எந்தக் கம்பனியுடையதானாலும், யார் கொண்டுவந்தாலும், எச்சரிக்கைகளும் கியர் குறிப்புகளும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டாமல் துறைமுகத்தை விட்டு வெளியே வரக்கூடாது. தண்டுக்கு மூடி இருக்கவேண்டும். எந்த நாட்டுக்குச் செய்த மொடல், எத்தனை மணித்தியாலம் ஓடியது, உள்ளூர் ஏஜென்ட் இதற்குப் பொறுப்பில்லை என்பதை விற்பனைச் சிட்டையில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். இந்த வேலைகளைச் செய்ததற்காக ஒருவரும் குறிச் சட்டத்தில் மாட்டக்கூடாது என்று 122ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கவேண்டும். ஸ்டிக்கர் அச்சடிக்கிற செலவு மிசினின் விலையில் ஒரு தூசு. இறக்குமதியாளர் கட்டலாம்.